டாரஸ் 243 எண்ணம்

பனச்சவிளை முக்கில் ஒரு பிளாக் உண்டாக ஒரு குழி, ஒரு பாலம், இரண்டு லாரி போதும். மற்றதைப் பொதுமக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

குழி, பாலத்துக்குக் கிழக்கே இருபதடி தள்ளி, கேரளா போகும் பக்கத்தில் கிடக்கிறது. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பதித்தார்கள். மண் போட்டு மூடினார்கள். மழை வந்து மண்ணை எடுத்துக்கொண்டு போயிற்று. நீளம் இரண்டேகால் மீட்டர், ஆழம் சராசரி இருபத்தெட்டு செண்டிமீட்டர். சராசரி என்று சொல்வதற்குக் காரணம், எங்கள் சிவில் இன்ஜினியரிங் வகுப்பு ஜெனிலா அதை மூன்று இடத்தில் அளந்தாள்.

பாறை ஏற்றிக்கொண்டு மேற்கே போகிற லாரி குழியைக் கண்டதும் வலது பக்கம் ஒதுங்கும். அந்த நேரம் பார்த்து, சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி ஒன்று பாலத்தில் ஏறியிருக்கும். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். நடுவில் ஒரு பைக் போகிற அளவுக்கு இடம் இருக்கும். அதில் பதினான்கு பைக் நுழையும். அதன் பிறகு யாரும் எங்கும் போக முடியாது. வெளியூர்க்காரர்கள் இதை டிராஃபிக் ஜாம் என்கிறார்கள். எங்களுக்கு ஜாம் என்றால் ரொட்டியில் தடவுவது. இது பிளாக்.

லாரிகளுக்கு எங்கள் மாவட்டத்தில் டாரஸ் என்று பெயர். ஒரு காலத்தில் ஒரு கம்பெனி தன் மாடல் ஒன்றுக்கு வைத்த பெயர். இப்போது பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம், எந்தக் கம்பெனியானாலும் எந்த நிறமானாலும் டாரஸ்தான். தனியாக ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை.

ஜெனிலாவின் அம்மா தங்கபாய் டீச்சர். எட்டு வருடம் முன்பு எனக்கும் என் வகுப்புத் தோழன் டெனிஷுக்கும் பள்ளிக்கூடத்தில் பி.டி. எடுத்தவர். இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தம் செய்துவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி காலை நெய்யூரில் டயாலிசிஸ். ஏழு மணி முதல் பதினொன்று வரை அவருடைய முறை. பதினொன்றரைக்கு அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். எனவே டீச்சர் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நான்கு மணி நேரம் மூன்றாகிவிடும். அங்கே யாரும் அவரைத் திட்டுவதில்லை. மெஷினிலும் தவறில்லை. சுத்தமாகாத ஒரு மணி நேரத்து ரத்தம் மட்டும் அவரோடு வீட்டுக்குத் திரும்பி வரும். சாயங்காலம் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தே தூங்குவார்.

பனச்சவிளையிலிருந்து நெய்யூர் பதினொரு கிலோமீட்டர். சுபின் அண்ணனின் ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம். பிளாக் இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். சீக்கிரம் கிளம்பலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் ஒரு வாரம் ஐந்தரைக்குக் கிளம்பினார். அந்த வாரம் டாரஸ்காரர்களும் அதையேதான் யோசித்திருந்தார்கள். சானல்கரை ரோட்டில் சுற்றிப் போகலாமே என்றார்கள். ஒரு நாள் போனார்கள். ஊசி குத்துகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ரோடு இல்லாத மூன்று இடத்தில் டீச்சர் இறங்கி நடந்தார். ஆட்டோ பின்னால் வந்தது.

இரண்டு மாதத்தில் பதினொரு நாள் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. ஜெனிலா தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தாள்.

மனு எழுதி எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஓர் ஆபீசுக்குப் போனோம். ஊர்திப் போக்குநெறி ஒழுங்கமைப்புப் பிரிவு என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே பொன்னுலிங்கம் என்றொரு எழுத்தர் இருந்தார். மனுவை இரண்டு தடவை வாசித்தார்.

"மக்களே, குழின்னு எழுதினா அது வேற செக்‌ஷன். லாரின்னு எழுதினா நம்ம செக்‌ஷன். குழியினால லாரி நிக்கின்னு எழுதியிருக்கிய. இத ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அனுப்பிட்டே இருப்போம். ஒண்ண வெட்டுங்க."

"எத சார் வெட்டணும்?" என்றாள் ஜெனிலா.

"குழிய வெட்டு. குழியில ஏற்கெனவே குழாய்க்காரனுக்கும் ரோட்டுக்காரனுக்கும் கேஸு ஓடுது."

குழியை வெட்டினோம். பேனாவால்தான்.

டாரஸை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை தடை செய்ய வழி இருக்கிறது என்றார் பொன்னுலிங்கம். அந்த மூன்று மணி நேரத்தில் ரோட்டின் குறுக்கே போடுகிற ஒரு கோட்டைக் கடக்கும் பெரிய வண்டிகள் இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும். யாராவது எண்ணித் தர வேண்டும். எண்ணுவதற்கு அவர்களிடம் ஆள் இல்லை. ஆனால் படிவம் இருந்தது. "சிவில் படிக்கிய பிள்ளைய தானே, ஒரு புராஜெக்டா எடுத்துப் பண்ணுங்க," என்று ஐந்து பிரதி கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பாலத்தின் மேற்கு முனையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டிக்கும் படிவத்தில் ஒரு குச்சி. ஐந்தாவது குச்சி குறுக்கே. டெனிஷுக்கு டாரஸ், எனக்குக் காரும் பைக்கும், ஜெனிலாவுக்கு மேற்பார்வை.

ஆறு பத்துக்கு நான்காவது டாரஸைக் குறித்துவிட்டு டெனிஷ் பென்சிலைக் காதில் செருகினான். ஐந்தாவது டாரஸ் குழியைப் பார்த்து ஒதுங்கியது. ஆறாவது டாரஸ் கோட்டை முழுக்கத் தாண்டாமல் பாலத்தின்மேல் நின்றது. பதினான்கு பைக்குகளும் வந்து சேர்ந்தன.

ஆறு இருபதுக்கு சுபின் அண்ணனின் ஆட்டோ வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்களிடமிருந்து இருபதடியில் நின்றது. உள்ளே டீச்சர், மடியில் பிளாஸ்க்.

"எபினே, எத்தன ஆச்சு மக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"டாரஸ் நாலு, டீச்சர்."

"நாலா? எனக்குப் பொறத்தாலயே ஒரு இருவது நிக்குதே."

"அது நிக்குது டீச்சர். கடக்கணும். கடந்தாதான் குச்சி."

சுபின் அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். முன்னால் நின்ற டாரஸின் பின்பக்கம் அசையவில்லை. அவர் இறங்கிப் போய் ஒரு டிரைவரோடு பேசிவிட்டு வந்தார். அந்த டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, ஒரு விசிலடிச்சுப் பாருங்களேன்."

"இவனுவ எனக்க ஸ்கூல் பிள்ளையளா? பிள்ளையளா இருந்தா இதுக்குள்ள முட்டுக்கால் போட வச்சிருப்பேன்லே."

ஏழு மணி ஆயிற்று. ஜெனிலா சுவரிலிருந்து இறங்கிப் போய் ஆட்டோவின் பக்கத்தில் நின்றாள். டீச்சர் வாட்சைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது நன்றாகத் தெரிந்தது.

"மூச்சு எப்பிடி இருக்கு?"

"மூச்சு இருக்கு. நீ போயி எண்ணு."

"என்னத்த எண்ண? ஒண்ணும் நவுரல."

"என்னையாவது எழுதேன். ஆட்டோ ஒண்ணு."

"நீ இன்னும் கோட்டத் தாண்டல," என்றாள் ஜெனிலா. அப்புறம் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

ஏழு நாற்பதுக்கு ஆட்டோ கோட்டைக் கடந்தது. குச்சி போட்டோம். அன்று டீச்சருக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைத்தது. எங்கள் படிவத்தில் ஆறு முதல் ஒன்பது வரை கடந்த டாரஸ்: முப்பத்தெட்டு.

வகுப்பில் எங்கள் சார் போர்டில் ஒரு குன்று மாதிரி கோடு வரைந்து காட்டினார். இடது அடிவாரத்தில் வண்டியே இல்லாத ரோடு, ஒன்றும் கடக்காது. வலது அடிவாரத்தில் வண்டி நிரம்பி நிற்கிற ரோடு. அதிலும் ஒன்றும் கடக்காது. எண்ணுகிறவனுக்கு இரண்டும் பூஜ்யம். அந்தப் படிவத்தை அப்படியே கொடுத்திருந்தால், மாவட்டத்தின் அமைதியான சாலைகளில் ஒன்றாகப் பனச்சவிளை ஆவணத்தில் ஏறியிருக்கும்.

"அப்போ பிளாக் இருக்குன்னு காட்டணும்னா?" என்று டெனிஷ் கேட்டான்.

"பிளாக் இருக்கப்பிடாது," என்றாள் ஜெனிலா.

ஆகவே நெரிசலை நிரூபிப்பதற்காக நெரிசலை ஒழிக்க முடிவு செய்தோம்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் சர்ச் மதிலை இடித்துப்போட்டிருந்த காங்கிரீட் கட்டியும் உடைந்த ஓடும் சுபின் அண்ணனின் ஆட்டோவில் ஆறு நடை அடித்துக் குழியில் கொட்டி, மேலே செம்மண் போட்டு மிதித்தோம். சபையாரில் ஒருவர் வந்து யார் உத்தரவு என்று கேட்டார். புராஜெக்ட் என்றோம். எங்கள் மாவட்டத்தில் புராஜெக்ட் என்று சொன்னால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு இன்ஜினியர் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறுக்கு டீச்சரும் வந்துவிட்டார். தொப்பி, கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ. வீக்கத்துக்காக ஷூவின் கயிற்றைக் கட்டாமல் விட்டிருந்தார்.

"அம்மா, நீ எதுக்கு? வெயில் வந்தா ஆவாது."

"ஆறு மணிக்கு எங்கட்டி வெயில்? குழிய மூடினா போதுமா? பைக்குக்காரன யாரு நிறுத்துவா, நீயா?"

பாலத்தின் நடுவில் நின்று முதல் விசிலை அடித்தார். அது சாதாரண விசில் இல்லை. பழைய மைதானத்து விசில். எனக்கும் டெனிஷுக்கும் முதுகு தானாக நிமிர்ந்தது. பைக்குகள் வரிசையில் நின்றன. மேற்கே போகிற டாரஸ் நேராகப் போயிற்று. கிழக்கே வருகிற டாரஸ் தன் பக்கத்தில் வந்தது. ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "டீச்சர், என்னத் தெரியுதா? ஹை ஜம்ப்ல செகண்ட் வந்தேனே," என்றான்.

"தெரியுதுலே. பேச்சு பொறவு. வண்டிய எடு."

டெனிஷுக்குக் குச்சி போட்டுக் கை வலித்தது. ஒன்பது மணிக்குக் கூட்டிப் பார்த்தோம். டாரஸ் இருநூற்று நாற்பத்து மூன்று. டீச்சர் சுவரில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு டாக்டர் அனுமதித்த அளவுத் தண்ணீரில் இரண்டு வாய் குடித்தார்.

படிவத்தை நிரப்புவதில்தான் பிரச்சினை வந்தது. கார், ஜீப், பஸ், இரு சக்கர வாகனம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. லாரிக்கு ஒரு கட்டம்தான்: "லாரி (இரண்டு அச்சு)". படிவம் அச்சடித்த காலத்தில் லாரிக்கு ஆறு சக்கரம் இருந்தது போலும்.

"ஏட்டி, அதுலயே போட்டுரு. லாரிதானே," என்றான் டெனிஷ்.

"லேய், ரெண்டு அச்சுன்னு தெளிவா எழுதியிருக்கு. இதுக்கு மூணும் நாலும் அஞ்சும் இருக்கு. தப்பா எழுதினா மொத்தமாத் தள்ளிருவாவ."

கடைசிக் கட்டம் "இதர (பெயர் குறிப்பிடவும்)" என்றிருந்தது. ஜெனிலா அதில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: டாரஸ், 243 எண்ணம். எங்கள் பக்கத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை.

பொன்னுலிங்கம் சீல் வைத்து வாங்கிக்கொண்டார். கணக்கைப் பரிசீலிக்கிற வேலை சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விடப்பட்டிருப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் குழி பழைய ஆழத்தையும் தாண்டிவிட்டது. முப்பத்தொரு செண்டிமீட்டர் என்றாள் ஜெனிலா.

நாற்பத்து நான்கு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பாலத்தின் இரு பக்கமும் பளபளவென்று பலகை வந்தது.

காலை 6 மணி முதல் 9 மணி வரை இச்சாலையில் மாட்டு வண்டிகள் செல்லத் தடை. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

கீழே சிவப்பு வட்டத்துக்குள் ஒரு மாட்டு வண்டியின் படம். படம் நன்றாகவே இருந்தது. மாட்டுக்குக் கண்கூட வரைந்திருந்தார்கள்.

சுபின் அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். "பனச்சவிளையில நான் கடைசியா மாடு பாத்தது எறைச்சிக் கடையிலதான் மக்கா," என்றார்.

உத்தரவை நடைமுறைப்படுத்த ஊர்க்காவல் படையிலிருந்து அபினேஷ் என்ற ஓர் ஆளையும் போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு வந்து, கயிறு கட்டின இரும்புத் தடுப்போடு நின்றுகொள்வான். தடுப்பின் பின்னால் டாரஸும் டாரஸும் முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்பது மணிக்கு நோட்டில் எழுதுவான். ஒரு நாள் காட்டினான்: "இன்று மாட்டு வண்டி எதுவும் வரவில்லை. உத்தரவு முழுமையாகப் பின்பற்றப்பட்டது." ஆறு நாளுக்கும் அதுவே. தலைமையிடத்திலிருந்து பாராட்டு வந்ததாகச் சொன்னான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டீச்சருக்குக் கிடைத்தது இரண்டு மணி பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டாவது பாட்டுக்கு எழுந்து நின்றவர் உட்கார்ந்துவிட்டார். உதடு நிறம் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாரஸ் குறைவு. சுபின் அண்ணன் பத்தொன்பது நிமிடத்தில் நெய்யூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நெஞ்சில் நீர் ஏறியிருந்தது. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். இனி ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது என்று அங்கிருந்த டாக்டர் ஜெனிலாவிடம் தனியாகச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து அவளுடைய அப்பா போன் செய்து நான் வரட்டுமா, வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்து அவர் என்ன செய்வார், அவரும் பிளாக்கில்தான் நிற்பார் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஜெனிலா திருத்தக் கடிதம் ஒன்று இரண்டு பக்கத்துக்கு எழுதினாள். டாரஸ் என்பது மாடு அல்ல; லாரி; அச்சு எண்ணிக்கை இவ்வளவு; கவனக்குறைவுக்கு வருந்துகிறேன். நாங்கள் மூவரும் மறுபடி நாகர்கோவில் போனோம்.

பொன்னுலிங்கம் கோப்பை எடுத்தார். மேலே "தீர்வு காணப்பட்டது" என்று சிவப்பு முத்திரை இருந்தது.

"இது எப்பிடி சார் மாடாச்சு?"

"சென்னையில ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல எழுதுவாவ மக்களே. நீ டாரஸ்னு எழுதுன. அவனும் டாரஸ்னே எழுதிட்டான். பொறவு அது என்ன ஜந்துன்னு அவனுக்குச் சந்தேகம். ராசியில பாத்திருக்கான். டாரஸ்னா ரிஷபம். இதர கட்டத்துல வேற கெடக்கு. வண்டி மாடுன்னு முடிவு பண்ணிட்டான். மூணு மணி நேரத்துல எரநூத்து நாப்பத்து மூணு மாட்டு வண்டின்னா அது பெரிய கொடுமதானே. ஒடனே ஆர்டர் போட்டுட்டாவ."

"யாருக்கும் சந்தேகமே வரலியா?" என்று டெனிஷ் கேட்டான்.

"எனக்கு வந்துச்சு. நான் நெனச்சேன், நம்ம பக்கம் விவசாயம் மறுபடி செழிக்குது போலன்னு."

முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார். ஜெனிலா கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

"குடு, வாங்கிக்கிடுதேன். ஆனா நடைமுறை சொல்லிருதேன். திருத்தம்னா மொதல்ல பழைய ஆர்டர் ரத்தாவும். பொறவு புது மனு. புது எண்ணிக்கை. இந்தத் தடவ சென்னைக்காரனே வந்து எண்ணுவான். ஒரு ஆறு மாசம்."

ஆறு மாதம் என்றால் திங்கள், புதன், வெள்ளி எத்தனை என்று ஜெனிலா மனதில் பெருக்கியிருப்பாள். கடிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். லேபில் இரண்டாவது தசமத்தில் ஒரு எண் தப்பினாலும் ரெக்கார்டைக் கிழித்து முதலிலிருந்து எழுதுகிற பெண். மூன்றாம் வகுப்பில் பைபிள் போட்டியில், தான் சொன்ன பதில் தவறு என்று தானே எழுந்து சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுத்தவள்.

"சார், அந்த ஆர்டரப் பாக்கலாமா?"

கோப்பைத் திருப்பிக் காட்டினார். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மூல உத்தரவு ஆங்கிலத்தில். தமிழ், மொழிபெயர்ப்பாளர் செய்தது. பலகைக்காரர் பார்த்தது அதைத்தான். ஜெனிலா ஆங்கிலத்தை விரல் வைத்து வாசித்தாள். காலை ஆறு முதல் ஒன்பது வரை டாரஸ் வாகனங்கள் செல்லத் தடை. டாரஸ் என்றுதான் இருந்தது. மாடு என்ற சொல் இணைப்பு அட்டவணையில் பதினெட்டாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

ஜெனிலா திருத்தக் கடிதத்தைப் பைக்குள் திருப்பி வைத்தாள். 

"இதுல ஒரு காப்பி தருவியளா சார்? இங்கிலீஷ்ல உள்ளது மட்டும். மொத பக்கம் போதும்."

பொன்னுலிங்கம் அவளைப் பார்த்தார். "திருத்தக் கடிதம்?"

"வீட்டுல போயி இன்னும் நல்லா எழுதிக் கொண்டாறேன் சார்," என்றாள் ஜெனிலா. அவள் பொய் சொல்லி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. காது சிவந்துவிட்டது.

அவரே எழுந்துபோய் நகல் எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தார்.

நகலை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கத்து ஆள், இனயத்தில் பிறந்தவர். பலகையைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சிரித்திருந்தார். காகிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்தார். அவரிடம் ராசி பார்க்கிற பழக்கம் இல்லை.

"டாரஸ்தானே? இத மொதல்லயே சொல்லப்பிடாதா? அந்தப் பயல மாட்டுக்குக் காவல் வச்சிருக்கோம்!"

அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அபினேஷுக்கு முதன்முதலாக வேலை வந்தது. முதல் டாரஸை நிறுத்தினான். டிரைவர் இறங்கி வந்து பலகையைக் காட்டினார்.

"சார், மாட்டு வண்டின்னு போட்டிருக்கு. எனக்க வண்டியில மாடு எங்க?"

"ஆர்டர்ல டாரஸ்னு இருக்கு. பாரும்."

"இது டாரஸே இல்ல சார். வேற கம்பெனி. ஆர்.சி. புக்கக் காட்டட்டா?"

அபினேஷுக்குக் குழப்பம் வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், கயிற்றைத் தளர்த்தப் போனான். அதற்குள் டிரைவரின் போன் அடித்தது. முதலாளி.

"ஆமா ஓனரே. பனச்சவிளையில. இல்ல, பிளாக் இல்ல. டாரஸப் பிடிச்சுப் போட்டிருக்காவ."

அபினேஷ் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

ஆறேகாலுக்கு சுபின் அண்ணனின் ஆட்டோ வந்தபோது பாலம் காலியாக இருந்தது. குழி இருந்தது, ஆனால் அதைக் கண்டு ஒதுங்குவதற்குப் பெரிய ஆள் யாரும் இல்லை. அபினேஷ் டீச்சருக்கு சல்யூட் அடித்தான். ஆறு முப்பத்தெட்டுக்கு நெய்யூர். கதவு திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று சுபின் அண்ணன் எங்களுக்குத் தகவல் அனுப்பினார்.

பிடித்துப் போட்ட டாரஸ்களை எங்கே நிறுத்துவது என்று உத்தரவில் இல்லை. எனவே அவை வந்த இடத்திலேயே, ரோட்டோரமாக, ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஏழரைக்குள் வரிசை மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விட்டது. மிச்சமிருந்த அகலத்தில் ஒரு கார் போகலாம். எங்கள் கல்லூரிப் பஸ் அதில் நுழைந்து, எதிரே வந்த இன்னொரு கல்லூரிப் பஸ்ஸோடு மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. ஒன்பது மணிக்கு எங்களுக்கு இன்டர்னல் பரீட்சை. போக்குவரத்துப் பொறியியல்.

ஏழு ஐம்பதுக்கு ஜெனிலாவின் போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்ததும் நோட்டு மடியிலிருந்து விழுந்தது.

"அம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலட்டி. சும்மா விளிச்சேன்." பஸ்ஸில் எங்களுக்கும் கேட்கிற குரலில்தான் டீச்சர் எப்போதும் பேசுவார்.

"மெஷின்லயா இருக்க?"

"ஏழு மணிக்கே போட்டாச்சு. முக்கா மணிக்கூர் ஓடிட்டு. இந்த நேரம் எப்பவும் நான் ரோட்டுல கெடந்து சுபின ஏசிட்டு இருப்பேன். இங்க ஏசதுக்கும் ஆளில்ல. என்ன செய்யதுன்னே தெரியல."

"தூங்கேன்."

"எப்பிடித் தூங்க? பக்கத்துக் கட்டில்ல ததேயுஸ்னு ஒரு ஆளு, மீன் வியாபாரம். மூணு வாரமா பக்கத்துல கெடக்காரு. நான் வரும்போ எழும்பி இருந்து பேப்பர் வாசிப்பாரு. மரியாதையான மனுசன்னு நெனச்சிருந்தேன். மொத மணிக்கூர்ல இப்பிடிக் குறட்டை விடுவாருன்னு இன்னைக்குத்தானே தெரியுது. ஒனக்குப் பரீச்ச இல்லியா?"

"பஸ்ல இருக்கேன். பிளாக்."

"எங்க?"

"முக்குல."

 டீச்சர் சிரித்தார். மூச்சு வாங்காமல் சிரித்தார்.

"அப்போ நேரம் இருக்குல்லா? கேளு. இந்தக் கூத்த நீயும் கேளு," என்று போனைப் பக்கத்துக் கட்டில் பக்கமாக நீட்டினார்.

பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஜெனிலா இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டாள்.